எழுதுறதுக்கு இந்தக் கைதான்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆகஸ்ட் 13-ஆம் தேதியை உலக இடக்கையர் நாளாக 1976 முதல் கொண்டாடி வருகிறார்கள். அதையொட்டி, தொடக்கப் பள்ளி ஆசிரியை என்ற முறையில் இடக்கைப் பிள்ளைகளைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள்.

நூறு பேரில் ஏறக்குறைய பத்துப் பேர் இடக்கைக்காரர்கள். முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் மூன்று பேர் இருக்க வேண்டும். ஆனால் நம் ஊர் வகுப்புகள் பலவற்றில் தேடிப் பார்த்தால் ஒன்று தேறுவதே பெரிய விஷயம். மிச்சப் பிள்ளைகளுக்கு பள்ளிக்கூடம் வருமுன்பே வீட்டில் கையை மாற்றிவிடுகிறார்கள். “அந்தக் கையால வாங்காதே”, “பீச்சாங்கைய நீட்டாதே” என்று நாள் முழுக்கக் கேட்டு வளர்கிற பிள்ளை என்ன செய்யும்? விஜயதசமி அன்று தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, பிள்ளையை மடியில் உட்கார வைத்து, அதன் வலது ஆள்காட்டி விரலைப் பிடித்து ‘அ’ எழுத வைக்கிறோம். அதற்கு முன்னால், இந்தப் பிள்ளை பொம்மையை எந்தக் கையால் எடுக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதும் இல்லை. அமெரிக்காவில் 1900-ஐ ஒட்டிப் பிறந்தவர்களில் இடக்கையால் எழுதியவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான் இருந்தார்கள். பள்ளிகளில் கட்டாயப்படுத்துவது குறையக் குறைய அந்த எண்ணிக்கை ஏறி, 1950-க்குப் பிறகு பிறந்தவர்களிடம் பதினொன்று, பன்னிரண்டு என்று நின்றது. புதிதாக எந்தப் பழக்கமும் பரவிவிடவில்லை. ஏற்கெனவே இருந்தவர்களை அவர்கள் போக்கில் விட்டார்கள், அவ்வளவுதான். கை விருப்பம் பிடிவாதத்தால் வருவது என்று இன்னும் நினைப்பவர்கள் இருக்கிறார்கள். தாயின் வயிற்றில் இருக்கும்போதே சிசு எந்தக் கட்டைவிரலைச் சூப்புகிறது என்பதை ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலும் அதே கைதான் பிறகும் முந்துகிறது.

மூன்றாம் வகுப்பில் என்னிடம் ஒரு பெண் வந்து சேர்ந்தாள். முன்பு படித்த இடத்தில் ஸ்கேலால் அடித்து வலக்கைக்கு மாற்றியிருந்தார்கள். பென்சிலை அப்படி அழுத்திப் பிடிப்பாள், ஒரு வரி முடிவதற்குள் விரல் நுனி வெளுத்துவிடும். எழுத்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருக்கும். கணக்குப் போடும்போது மட்டும், அவளுக்கே தெரியாமல், பென்சில் இடக்கைக்குப் போய்விடும். அப்போது எண்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக அழகாக வந்து விழும். “எந்தக் கையில் வருதோ அதிலேயே எழுதும்மா” என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் நோட்டைத் திருப்பி வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள்.

அடுத்த வாரமே அவள் அப்பத்தா வந்துவிட்டார். “எப்படியாவது மாத்தி விடுங்க டீச்சர். பொம்பளப் புள்ள. நாளைக்குப் போற இடத்துல பந்தியில இந்தக் கைய நீட்டுனா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?” அந்தக் கவலையை நான் குறை சொல்ல மாட்டேன். ஊர் வாய்க்குப் பயந்தே வாழ்ந்தவர் அவர். நான் பதில் யோசிப்பதற்குள் அந்தப் பெண்ணே சொன்னாள்: “பரிமாற அந்தக் கைய வச்சுக்கிறேன் அப்பத்தா. எழுதுறதுக்கு இந்தக் கைதான்.”

எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட முடியாது என்று எட்டு வயதில் அவளே முடிவு செய்துவிட்டாள். பையன்கள் ‘நொட்டாங்கை’ என்று கூப்பிட்டார்கள். “ஆமா, நொட்டாங்கைதான். அதுக்கென்ன?” என்று நிமிர்ந்து கேட்டாள். அதற்கு மேல் கேலியை எப்படி நீட்டுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

இப்படிப் பேசும்போது சச்சின் இடக்கையால் எழுதுகிறார், அமிதாப் பச்சன் இடக்கைக்காரர் என்று பட்டியல் சொல்லித் தேற்றுவது வழக்கம். எனக்கு அதில் அவ்வளவு விருப்பம் இல்லை. நாளைக்குப் பெரிய ஆளாக வந்தால்தான் இந்தக் கைக்கு மன்னிப்பு என்பது போல அது பிள்ளையின் காதில் விழும். சாதாரணமாகப் படித்து, சாதாரண வேலைக்குப் போகப்போகிற பிள்ளைக்கும் அதன் கை அதனுடையதுதான்.

நாம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தமிழை இடமிருந்து வலமாக எழுதுகிறோம். அதனால் இடக்கைப் பிள்ளையின் கை, எழுதியதன் மேலேயே நகர்ந்து போகும். மை ஈஷும், எழுதியதும் மறையும். அதைத் தவிர்க்க மணிக்கட்டைக் கொக்கி போல வளைத்து எழுதப் பழகி, சீக்கிரமே கை வலிக்கிறது என்பார்கள். நோட்டை உடம்புக்குச் சற்று இடப்பக்கமாக வைத்து, அதன் மேல் முனை வலப்புறம் சாயும்படி திருப்பி வையுங்கள். பென்சிலை முனையிலிருந்து ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கச் சொல்லுங்கள். கை வரிக்குக் கீழேயே நிற்கும், எழுதியதும் தெரியும். கத்தரிக்கோல் விஷயத்தில் மட்டும் காசு செலவழியுங்கள். சாதாரணக் கத்தரியை இடக்கையில் பிடித்தால் அலகுகள் ஒன்றோடொன்று சேராமல் விலகும், வெட்டுகிற கோடும் கண்ணுக்குத் தெரியாது. காகிதம் நசுங்கும். பிள்ளைக்குத் திறமை இல்லை என்று திட்டு விழும். இடக்கைக்கென்றே கத்தரிக்கோல் விற்கிறார்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்பீர்கள். சோப்புப் போட்டுக் கழுவிய கை எதுவானாலும் சுத்தம்தான் என்பது என் கருத்து. பந்திக்கு வலக்கை வேண்டும் என்று வீட்டில் நினைத்தால், பிள்ளைக்குச் சிரமமில்லாமல் வந்தால் சொல்லிக் கொடுங்கள். அடித்துப் பழக்காதீர்கள். எழுதுகிற கையில் மட்டும் கை வைக்கவே வைக்காதீர்கள்.

பள்ளியில் சேர்க்கும் அன்றே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள்: “இவன் இடக்கையால எழுதுறவன், பெஞ்சில இடது ஓரத்துல உட்கார வைங்க.” அங்கே உட்கார்ந்தால் பக்கத்துப் பிள்ளையின் முழங்கையோடு இடிபட வேண்டியதில்லை. சொல்லும்போது பிள்ளையும் கேட்கிற மாதிரி சத்தமாகவே சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.