இந்திய அறிவியல் கழகத்தின் இரு மாணவியர்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தைப் பற்றிப் பேசுவோர் ஜாம்ஷெட்ஜி டாட்டாவில் தொடங்கி, சர் சி. வி. ராமன், சதீஷ் தவான், ஜி. என். ராமச்சந்திரன் எனப் பெயர்களை அடுக்குவது வழக்கம். அந்தப் பெருமை நியாயமானதே; அதை நான் மறுபடி பாடப் போவதில்லை. அங்கே நுழையவே வாதாட வேண்டியிருந்த கமலா பாகவத்தையும், உள்ளே உழைத்தும் முனைவர் பட்டம் பெறாத அன்னா மாணியையும் பற்றியே பேச விரும்புகிறேன்.

பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் முதலிடம் பெற்றுத் தேறிய கமலா, 1933இல் விண்ணப்பித்தபோது, அவ்வாண்டுதான் இயக்குநர் பொறுப்பேற்றிருந்த ராமன், பெண் என்ற காரணத்தாலேயே இடம் தர மறுத்தார். கமலா விடாமல் வாதாடிய பிறகு, ஓராண்டு தகுதிகாண் பருவம் உள்ளிட்ட நிபந்தனைகளோடு ராமன் சேர்த்துக்கொண்டார். ராமனின் மேதைமையைப் போற்றும் நாம் இந்தக் கசப்பை மென்று விழுங்க வேண்டியதில்லை. பால், பருப்பு வகைகளின் புரதங்களை ஆராய்ந்து தேறிய கமலா, பின்னர் கேம்பிரிட்ஜ் சென்று 1939இல் முனைவரானார். கமலா சொஹோனி என்று உலகம் அறிந்தது அவரைத்தான்.

திருவிதாங்கூரின் பீருமேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த அன்னா மாணி, 1940இல் ராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். வைரங்களின் நிறமாலையை, அதாவது அவற்றின் ஒளி பிரிந்து தோன்றும் நிறப்பட்டையைப் பதிவுசெய்யப் புகைப்படத் தகட்டைப் பதினைந்து, இருபது மணி நேரம் ஒளியில் வைத்திருக்க வேண்டும் என்பதால், பல இரவுகளை அவர் ஆய்வுக்கூடத்திலேயே கழித்தார். ஐந்து கட்டுரைகள் வெளியாயின. அக்காலத்தில் அங்கு ஆய்ந்தோர்க்குப் பட்டம் வழங்கிவந்த சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 1945இல் ஆய்வேட்டை அளித்தார்; முதுகலைப் பட்டம் இல்லை என்று சொல்லி அது முனைவர் பட்டத்தை மறுத்துவிட்டது. ஆய்வேட்டின் தரத்தை விட்டுவிட்டு, இடையில் விடுபட்ட படியைப் பார்த்த முடிவு அது. நம்மூர்ப் பல்கலைக்கழகம் என்பதற்காக அதை நான் மென்மையாகச் சொல்ல மாட்டேன்.

அவ்வாண்டே உதவித்தொகையில் லண்டன் சென்ற அன்னா, வானிலைக் கருவிகளைப் பற்றிப் பயின்று, 1948இல் புனே வானிலை ஆய்வுத் துறையில் சேர்ந்தார். அதுவரை வெளிநாட்டிலிருந்து தருவித்துவந்த கருவிகளை இங்கேயே செய்ய, ஏறத்தாழ நூறு கருவிகளுக்கு வடிவமைப்பு வரைபடங்களைத் தரப்படுத்தினார். 1976இல் ஓய்வுபெற்ற பின்னும், நாட்டின் சூரியக் கதிர்வீச்சு அளவுகளைத் தொகுத்து நூல்களாக்கினார்.