ஸ்கேனில் தெரியாத எலும்பு

நேயர்களுக்கு வணக்கம்.

'கண்ணை உருட்டினால் விழி அசைகிற சத்தம் காதில் கேட்கிறது' என்று ஒருவர் சொன்னால், நாம் அவரை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்போம். நடந்தால் குதிகால் தரையில் படுவது தலைக்குள் இடிக்கிறது, லாரி ஹாரன் அடித்தால் உலகமே சுழல்கிறது என்றும் அவர் சொல்வார். இப்படிச் சொன்ன பலரை மனப்பிரச்சினை என்று ஒதுக்கியதும் உண்டு.

ஆனால் கோளாறு காதில்தான். உட்செவியில் தலையின் அசைவை மூளைக்குச் சொல்லும் அரைவட்டக் குழாய்கள் மூன்று உண்டு. அவற்றில் மேலே இருக்கும் குழாய்க்கும் மூளைக்கும் நடுவில் இருப்பது மெல்லிய எலும்பு மட்டுமே. அதில் திறப்பு விழுந்துவிட்டால், சத்தத்தின் விசையில் ஒரு பகுதி அந்த வழியாகத் தப்பிக்கப் பார்க்கும். குழாய்க்குள் இருக்கும் திரவம் நகரும். தலை திரும்பிவிட்டதாக மூளை நம்பிவிடும்.

1998இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இதை விளக்கியவர் காது மருத்துவர் லாயிட் மைனர். அவரும் குழுவினரும் முதலில் கவனித்தது நோயாளிகளின் கண்களை. பலத்த ஒலி கேட்டதும் கண்கள் அசைந்தன. அந்த அசைவு மேல்குழாய் அமைந்திருக்கும் தளத்தோடு அப்படியே பொருந்தியது. அதற்கு அப்புறம் எடுத்த சி.டி. ஸ்கேன்தான் திறப்பைக் காட்டியது. புறாவின் குழாயில் துளை போட்டு, ஒலிக்கு அது நிலைகுலைவதை இத்தாலியர் பியெத்ரோ துலியோ 1920களிலேயே காட்டியிருந்தார் என்பது வேறு கதை.

முதலில் கண், பிறகு படம். இந்த வரிசையை வலியுறுத்தத்தான் இன்று பேச வந்தேன். ஏனென்றால் இப்போது பலருக்கு நடப்பது தலைகீழ். வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் 'எலும்பு இல்லை' என்று எழுதி வருகிறது, வீட்டில் எல்லோரும் பதறிப்போகிறார்கள்.

இறந்தவர்களின் 1,000 காதெலும்புகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்த முடிவுகள் 2000இல் வெளிவந்தன. முழுத் திறப்பு இருந்தது 0.5 சதவீதத்தில். மேலும் 1.4 சதவீதத்தில் எலும்பின் தடிப்பு 0.1 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவு. ஆனால் ஸ்கேன் படங்களை வைத்து எண்ணிய ஒரு ஆய்வில் திறப்பு 9 சதவீதம்! அத்தனை பேருக்கும் ஓட்டையா? இல்லை. படம்தான் எலும்பைத் தொலைத்துவிட்டது.

சி.டி. படம் சின்னச் சின்னக் கட்டங்களால் ஆனது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே ஒரு சாம்பல் நிறம்தான், அதற்குள் இருக்கும் எல்லாவற்றின் சராசரி அது. கட்டத்தின் தடிப்பு அரை மில்லிமீட்டர், எலும்போ அதில் ஐந்தில் ஒரு பங்கு என்றால், மீதியெல்லாம் திரவமும் மூளையுறையும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டுப் பால் விட்ட மாதிரி எலும்பின் வெண்மை கரைந்துவிடும். படத்தின் மேல் கோடு போட்டு '0.2 மில்லிமீட்டர்' என்று கணினி அளந்து சொன்னாலும், அந்த எண்ணுக்குப் பெரிய மதிப்புத் தரமாட்டேன்.

எடுக்கும் விதத்திலும் நிறைய இருக்கிறது. ஸ்கேன் தலையைத் துண்டு துண்டாகப் படம் பிடிக்கும். 1 மில்லிமீட்டர் தடிப்புள்ள துண்டுகளில் மேல்குழாயைத் தேடுவது வீண் வேலை. அரை மில்லிமீட்டரோ அதற்கும் மெல்லியதாகவோ எடுத்து, குழாய் ஒரு முழு வளையமாகத் தெரியும் தளத்தில் படத்தைத் திருப்பி அமைக்க வேண்டும். அதற்குப் பெஷ்ல் தளம் என்று பெயர். வளையத்தின் உச்சியில் வெள்ளைக்கோடு தொடர்கிறதா, அறுந்திருக்கிறதா என்று அப்போது பார்க்கலாம். கோடு தொடர்ந்தால் நிம்மதி, திறப்பு அநேகமாக இல்லை. அறுந்து தெரிந்தால் மட்டும் அவசரப்படக் கூடாது. எக்ஸ்ரே கதிரின் துகளான ஃபோட்டானை ஒவ்வொன்றாக எண்ணும் புதுவகை சி.டி. கருவிகள் 0.2 மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கியிருக்கின்றன. அவை எல்லா ஊருக்கும் வர நாளாகும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்த எலும்பு இயல்பாகவே மெலிந்திருக்கும், அதையும் நோய் என்று எழுதிவிடக் கூடாது.

சரி, பிறகு எப்படி முடிவெடுப்பது? இசைக்கவையைத் தட்டிக் கணுக்காலில் வைத்தால் அது காதில் கேட்கிறதா என்று சில மருத்துவர்கள் பார்ப்பார்கள். திறப்பு இருப்பவர்களுக்குக் கேட்புத்திறன் சோதனையில், எலும்பு வழியாக வரும் ஒலி இயல்பைவிடக் கூர்மையாகக் கேட்கும். வெம்ப் என்றொரு சோதனையில், வழக்கத்தைவிட மெல்லிய ஒலிக்கே கழுத்துத் தசையோ கண் தசையோ பதில் சொல்லும். தொல்லையும் சோதனையும் படமும் ஒன்றையே சொன்னால்தான் அறுவை சிகிச்சை பற்றிய பேச்சு. குழாயை அடைத்துவிடுவார்கள். மூளைக்குப் பக்கத்தில் செய்யும் வேலை என்பதால், தொல்லை லேசாக இருப்பவர்கள் பலர் பலத்த சத்தத்திலிருந்து விலகி இருந்தே காலம் தள்ளுகிறார்கள். அவர்களுக்குத் தொடர் கவனிப்பே போதும்.

நன்றி. வணக்கம்.