செதுக்கியவர் பெயர்

அவைத்தலைவர் அவர்களே, மண்டபம் தந்து உதவிய நூலகர் அம்மா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் ஓவிய ஆசிரியர் ஐயா அவர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். இந்த முதுமையிலும் படியேறி வந்த ஐயாவுக்குத் தனி வணக்கம்.

திரையில் தெரிவது 1816-இல் வெளிவந்த அச்சுப்படம்: ஆங்கிலேய ஓவியர் டர்னரின் ‘ட்வீட் ஆற்றங்கரையில் நோரம் கோட்டை’. ஆறு, கோட்டை, ஒளி என்று மூன்றையும் பேசுவதாகச் சொல்லியிருந்தேன். முதலில் கோட்டை. ஆற்றின் தென்கரை இங்கிலாந்து, எதிர்க்கரை ஸ்காட்லாந்து. எல்லையில் நின்றதால் முற்றுகைக்குக் குறைவில்லை. 1121-இல் எழும்பத் தொடங்கிய கோட்டை, படத்தில் இடிந்து நிற்கிறது. கீழே தண்ணீரில் மாடுகள். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார் என் பாட்டி. பீரங்கி இடித்தது போக மிச்சத்தை மழை பார்த்துக்கொண்டது.

ஒரு கதை சொல்கிறேன். 1797-இல் இளைஞராக இங்கே வந்து வரைந்தவர் டர்னர். 1831-இல், பெரும்புகழ் பெற்ற பிறகு, பதிப்பாளர் ராபர்ட் கேடலுடன் இதே வழியாகப் போகிறார். கோட்டை கண்ணில் பட்டதும் தொப்பியைக் கழற்றிக் குனிந்து ஒரு கும்பிடு! கேடலுக்கு ஒன்றும் புரியவில்லை. “இதென்ன?” என்கிறார். முன்பு இந்த நோரமை வரைந்தேன், அது ஜனங்களுக்குப் பிடித்துப்போயிற்று, அன்றிலிருந்து கைகொள்ளாத வேலை என்றாராம் டர்னர். சோறு போட்ட இடத்தை முப்பது வருஷம் கழித்தும் மறக்காத மனசு!

சரி, இந்த அச்சுப்படத்துக்காக இன்னொருவரையும் கும்பிட வேண்டும். வலது ஓரத்தில், படத்துக்கு அடியில் பொடி எழுத்தில் பாருங்கள்: சார்லஸ் டர்னர். பெயர் ஒன்றுதான், உறவில்லை. கோடுகளைத் தகட்டில் போட்டவர் ஓவியர். ஒளியையும் நிழலையும் கொண்டுவந்தவர் இவர். இந்த முறைக்கு மெசோடிண்ட் என்று பெயர். பல் வைத்த உளியைச் செப்புத் தகட்டின் மேல் ஆட்டி ஆட்டி, குறுக்கும் நெடுக்குமாகச் சொரசொரப்பாக்குவார்கள். அப்படியே மை பூசி அச்சிட்டால் ஒரே கறுப்பு. எங்கே வெளிச்சம் வேண்டுமோ அங்கே சுரண்டி வழவழப்பாக்க வேண்டும். கோட்டைக்குப் பின்னால் விடிகிறதே, அந்த விடியல் முழுக்கச் சுரண்டி எடுத்தது. எறும்பு ஊரக் கல்லும் தேயும். இங்கே தேய்ந்தது செம்பு.

ஆனால் நான் பார்த்த ஒரு கண்காட்சியில் அந்தப் பெயர் வரியைப் படச்சட்டம் மறைத்திருந்தது. அட்டையிலும் ஓவியர் பெயர் மட்டும். கேட்டேன், “இடமில்லை” என்றார்கள். ஒரு வரிக்கா இடமில்லை?

ஆற்றைப் பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் மன்னிக்க வேண்டும். அச்சுப்படம் மாட்டும் இடத்திலெல்லாம் செதுக்கியவர் பெயரும் எழுத வேண்டும் என்று மூன்றாவது முறையாக மனு எழுதியிருக்கிறேன். எறும்பு ஊரட்டும். வாசல் மேசையில் நோட்டு இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.