முதல் இருபது பக்கம்

நேயர்களுக்கு வணக்கம்.

வாசிப்பு குறைந்துவிட்டது என்று சொன்னால் உடனே ஒருவர் மடக்குவார்: "காலையில் கண் விழித்ததிலிருந்து படித்துக்கொண்டுதானே இருக்கிறோம்!" நியாயமான கேள்விதான். குறுஞ்செய்தி, செய்தித் தலைப்பு, யாரோ அனுப்பிவைத்த மருத்துவக் குறிப்பு என்று கண்ணில் படும் எழுத்துக்குப் பஞ்சமே இல்லை. பரீட்சைக்கோ வேலைக்கோ இல்லாமல், ஆசைக்காக ஒரு புத்தகத்தோடு உட்காருவதுதான் குறைந்திருக்கிறது. அமெரிக்காவில் 2 லட்சத்து 36 ஆயிரம் பேரின் அன்றாட நேரக் கணக்கை வைத்து 2025இல் ஓர் ஆய்வு வெளியானது. ஏதோ ஒரு நாளை எடுத்துக்கொண்டால், அன்று ஆசைக்காகப் படித்தவர்கள் 2004இல் 28 சதவீதம். 2023இல் 16 சதவீதம். மின்நூல், ஒலிநூல் எல்லாவற்றையும் சேர்த்தே இவ்வளவுதான்.

காரணம் கேட்டால் "எங்கே சார் நேரம்?" என்பார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், மனக்கணக்காகவே. ஒரு பக்கத்துக்கு 2 நிமிடம் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 20 நிமிடம் படித்தால் 10 பக்கம். 200 பக்கப் புத்தகம் 20 நாளில் முடிந்துவிடும். வருடத்துக்கு 18 புத்தகம்! இருபது நிமிடம் செல்போனில் எப்படிப் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஆக, நேரம் இருக்கிறது. சிக்கல் வேறு இடத்தில்.

அந்த இடம்தான் முதல் இருபது பக்கம்.

ஒரு நாவலின் தொடக்கத்தில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஐந்தாறு பெயர்கள் வருகின்றன. யார் யாருக்கு என்ன உறவு என்று தெரியாது. வீடு எப்படி இருக்கிறது, வாசல் எந்தப் பக்கம், எந்தக் காலம் என்பதையெல்லாம் நாமே மனசுக்குள் கட்டிக்கொள்ள வேண்டும். ரஷ்ய நாவல் என்றால் கேட்கவே வேண்டாம், ஒரே ஆளுக்கு மூன்று பெயர்! இத்தனையும் உழைப்பு. சுவை பிறகுதான் வரும். இருபது பக்கம் என்றால் நம் கணக்குப்படி 40 நிமிடம். நாற்பது நிமிடம் கூலி வாங்காமல் வேலை செய்யச் சொல்கிறது புத்தகம். செல்போனோ கட்டைவிரலை ஒரு முறை தள்ளியதும் கூலியைக் கையில் கொடுத்துவிடுகிறது. குளோரியா மார்க் என்ற ஆய்வாளர், மக்கள் திரையில் ஒரு விஷயத்தை மாற்றாமல் எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று வருடக்கணக்காக அளந்தவர். 2004இல் சராசரி இரண்டரை நிமிடம். பிற்பாடு வந்த அளவு 47 விநாடி. 47 விநாடிக்குப் பழகிய மனசை 40 நிமிடம் உட்கார வைக்கிறோம். அது முரண்டு பிடிக்காமல் என்ன செய்யும்? "எனக்குப் படிக்க வராது போலிருக்கிறது" என்று மூடி வைப்பவர்கள் பெரும்பாலும் ஏழாம் பக்கத்திலோ ஒன்பதாம் பக்கத்திலோ மூடியவர்கள். புத்தகம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

கண் வேலை செய்கிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன். படிக்கும்போது கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை, தாவித் தாவிப் போகிறது. ஒவ்வொரு தாவலுக்கும் நடுவே ஏறக்குறைய கால் விநாடி நிற்கும். நிற்கும்போது மட்டும்தான் எழுத்து உள்ளே போகும். பத்துத் தாவலில் ஒன்றாவது பின்னோக்கிப் போகும், விட்டதைப் பிடிக்க. அச்சுப் பக்கத்தில் இது எளிது. "இடது பக்கம், அடியில்" என்று கண்ணுக்கு ஞாபகம் இருக்கும். மேலே மேலே தள்ளிக்கொண்டே போகிற திரையில் அந்த வரி தன் இடத்தில் இருக்காது. தேடுகிற நேரத்தில் கதை அறுந்துவிடும்.

சரி, அந்த இருபது பக்கத்தை எப்படித் தாண்டுவது? முதல் புத்தகம் ஒல்லியாக இருக்கட்டும், 120 முதல் 160 பக்கம். விருது வாங்கியதா, கனமானதா என்று பார்க்க வேண்டாம். ஒரு துண்டுச் சீட்டில் பெயர்களையும் உறவையும் எழுதி, அதையே பக்க அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் மட்டும் இருபது நிமிடம் போதாது. 40 நிமிடம் ஒதுக்கி, அந்த இருபது பக்கத்தை ஒரே மூச்சில் முடித்துவிடுங்கள். பலரும் தப்பு செய்வது இங்கேதான்: நாளுக்கு நான்கு பக்கம் என்று ஆரம்பிப்பார்கள். மூன்றாம் நாள் பெயர்கள் மறந்திருக்கும், முதலிலிருந்து தொடங்குவார்கள், இரண்டு தடவை இப்படி நடந்தால் புத்தகம் அலமாரிக்குப் போய்விடும்.

செல்போன் அடுத்த அறையில் இருக்க வேண்டும். ஒலியை நிறுத்திக் கவிழ்த்து வைத்தால் போதாதா என்பார்கள். போதாது. ஒலிக்கவே வேண்டியதில்லை, கதை கொஞ்சம் தொய்கிற இடத்தில் கை தானாகப் போகும். எழுந்து நடக்க வேண்டும் என்றால் பாதி தடவை போகாது. மறுபடியும் சொல்கிறேன், அடுத்த அறை.

இன்னொன்று, பிடிக்காத புத்தகத்தை விட்டுவிடலாம். நான்சி பேர்ல் என்ற நூலகர் ஒரு விதி சொல்வார்: 50 பக்கம் படியுங்கள், பிடிக்கவில்லையென்றால் விடுங்கள். வயது ஐம்பதைத் தாண்டியவர்கள் 100இலிருந்து வயதைக் கழித்துக்கொள்ளலாம். எழுபது வயதுக்காரருக்கு 30 பக்கம். வயதானால் கிடைக்கிற சலுகைகளில் இது உருப்படியானது! ஆனால் இருபது பக்கத்துக்கு முன்னால் விடக் கூடாது, அது என் பிடிவாதம்.

திரையிலேயே படிப்பவர்களுக்கு: மின்மைத் திரை (இ-இங்க்) வைத்த இ-ரீடர், அதாவது புத்தகம் படிப்பதற்கென்றே உள்ள கருவி, பரவாயில்லை. அதில் வேறு எதுவும் குறுக்கே வருவது குறைவு. செல்போனில்தான் படிக்க முடியும் என்றால் ஏரோபிளேன் மோடில் போடுங்கள். தள்ளிப் படிப்பதை விட்டுப் பக்கம் புரட்டும் அமைப்புக்கு மாற்றுங்கள். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள்.

குழந்தைகளைப் பற்றித்தான் நிறையப் பேச நினைத்திருந்தேன். ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து விரலைக் காட்டிவிட்டார்கள், ஒரு நிமிடம்தான் இருக்கிறதாம். அதனால் ஒன்றே ஒன்று. தானாகப் படிக்கத் தெரிந்ததும் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிடுகிறோம். நிறுத்தாதீர்கள். எட்டு, ஒன்பது வயதில் அவர்களால் படிக்க முடிகிற கதை ஒன்று, ரசிக்க முடிகிற கதை ஒன்று. இரண்டாவது கொஞ்சம் பெரியது. அந்தக் கதையின் முதல் இருபது பக்கத்தை நீங்கள் வாசித்துக் கொடுங்கள். நல்ல கட்டத்தில் நிறுத்தி, புத்தகத்தைத் தலையணைப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். விளக்கை அணைக்க வேண்டாம்.

வணக்கம்.