பிச்சோலாவில் 11 அடி

நேயர்களுக்கு வணக்கம். ராஜஸ்தானில் இருக்கிற உதய்பூர் போய் என்னென்ன பார்க்கலாம் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். முதல்முறை நான் போனபோது அந்த ஊர் பிச்சோலா ஏரியில் தண்ணீரே இல்லை, அங்கிருந்தே தொடங்குகிறேனே.

2000களின் தொடக்கம், வறட்சி ஆண்டுகள், அதிலும் மே மாதம். தங்கும் விடுதியில் 'ஏரி தெரியும் அறை' என்று சொல்லி நாளுக்கு இருநூறு ரூபாய் கூடுதலாக வாங்கியிருந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் பாளம் பாளமாக வெடித்த வண்டல், அதில் பையன்கள் குச்சி நட்டு கிரிக்கெட் ஆடுகிறார்கள், கொஞ்சம் தள்ளி எருமைகள் மேய்கின்றன, நடுவில் படங்களில் மிதக்கிற அந்த வெள்ளை மாளிகை தரைதட்டிய கப்பல் மாதிரி நிற்கிறது. விடுதிக்காரரிடம் கேட்டால், "ஏரி தெரிகிறதே, தண்ணீர் தெரியும் என்று நாங்கள் சொல்லவில்லையே" என்கிறார். சரி, இதற்கு என்ன பதில் சொல்வது?

கோபத்தோடு கண்கௌர் படித்துறைக்குப் போய் உட்கார்ந்தேன். அங்கே டீ விற்ற பெரியவர்தான் காய்ந்த தரையைக் காட்டி விளக்கினார். இது தானாக உண்டான ஏரி இல்லை, வெட்டிக் கரை கட்டியது. 14ஆம் நூற்றாண்டில், தானிய மூட்டைகளை மாட்டின் மேல் ஏற்றிப் போகும் பஞ்சாரா வணிகர் ஒருவர் முதலில் அணை போட்டார் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லும் கதை. ஊர் வந்தது அதற்கு ரொம்பப் பின்னால். மேவார் ராஜ்யத்தின் ராஜா இரண்டாம் உதய் சிங் 1559இல் இங்கே நகரத்துக்கு அடி போட்டு, ஏரிக்கரையை உயர்த்திக் கட்டினார். அக்பரிடம் சித்தூர் கோட்டை 1568இல் விழுந்த பிறகு மேவாரின் தலைநகரமே இதுதான் என்றாகிவிட்டது. ஊருக்காக ஏரி வெட்டியதைக் கேட்டிருப்பீர்கள், இங்கே ஏரி இருந்த இடத்துக்கு ஊர் வந்திருக்கிறது.

அப்புறம் நான் போன ஒவ்வொரு முறையும் அரண்மனையை விட்டுவிட்டுத் தண்ணீரின் பின்னாலேயே போக ஆரம்பித்தேன். நீங்களும் அப்படிப் போய்ப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். மேற்கே ஆரவல்லி மலையில் பெய்கிற மழை சீசார்மா ஆற்று வழியாகப் பிச்சோலாவுக்கு வருகிறது. பிச்சோலாவில் இருந்து ஸ்வரூப் சாகர் ஏரி, அங்கிருந்து ஒரு கால்வாய் வழியாக ஃபதே சாகர் ஏரி, மிஞ்சுவது ஆயட் ஆற்றுக்கு. நம்மூரில் ஒரு கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாயை நிறைக்கும் இல்லையா, அதே சங்கிலி. இது போதாமல் இந்தக் காலத்தில் இன்னொன்றும் செய்திருக்கிறார்கள்: மலைக்கு அந்தப் பக்கம் சபர்மதியோடு சேர்ந்து அரபிக்கடலுக்குப் போக வேண்டிய தண்ணீரைத் தேவாஸ் திட்டத்தில் அணை கட்டி நிறுத்தி, மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பிவிட்டிருக்கிறார்கள். மழைக்காலத்தில் பிச்சோலாவில் எத்தனை அடி, ஃபதே சாகரில் எத்தனை அடி என்று அந்த ஊர்ப் பத்திரிகைகளில் வந்துகொண்டே இருக்கும். 11 அடி வந்தால் பிச்சோலா நிறைந்தது, 13 வந்தால் ஃபதே சாகர். ஆட்டோக்காரரிடம் "எத்தனை அடி?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள், பேரம் பேசுகிற முகமே மாறிவிடும்.

அதனால் போவதாக இருந்தால் செப்டம்பர் கடைசியில் போங்கள். டிசம்பரும் ஜனவரியும் குளிருக்கு நல்லதுதான், ஆனால் கூட்டமும் அறை வாடகையும் தலை சுற்ற வைக்கும். மழை முடிந்த கையோடு போனால் மலை பச்சையாக இருக்கும், ஏரி தளும்பும்.

படகுப் பயணத்தை மத்தியானம் வைத்துக்கொள்ளாதீர்கள், வெயிலும் தண்ணீரில் பட்டு எழும்பும் ஒளியும் கண்ணைத் திறக்க விடாது. சாயங்காலப் படகு ஜக் மந்திர் தீவில் இறக்கிவிடும், துறையில் கல் யானைகள் வரிசையாக நிற்கும். அப்பா ஜஹாங்கீரோடு மோதிக்கொண்ட இளவரசர் குர்ரம், பின்னாளில் ஷாஜஹான் ஆனவர், கொஞ்ச காலம் அடைக்கலம் இருந்த இடம் இது. 1857 கலகத்தின்போது நீமச்சில் இருந்து தப்பி வந்த ஐரோப்பியக் குடும்பங்களையும் மேவார் ராஜாவான மகாராணா இங்கேதான் பத்திரமாக வைத்திருந்தார். பக்கத்தில் இருக்கிற அந்தப் பிரபலமான வெள்ளை மாளிகை, ஜக் நிவாஸ், 1740களில் இரண்டாம் ஜகத் சிங் கட்டியது. 1960களில் இருந்தே ஹோட்டல். தங்குகிறவர்களைத் தவிர மற்றவர்களைப் பெரும்பாலும் உள்ளே விடுவதில்லை, அதற்காக மனசு விட வேண்டாம், அதன் அழகெல்லாம் வெளியில் இருந்து பார்ப்பதற்குத்தான். எதிர்க்கரையில் அம்ப்ராய் படித்துறையில் விளக்கு ஏற்றும் நேரத்துக்குப் போய் உட்காருங்கள்.

நகர அரண்மனையில் வழிகாட்டிகள் எல்லாரையும் மோர் சௌக் முற்றத்தில் நிறுத்திக் கண்ணாடிச் சில்லு மயில்களைக் காட்டுவார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்குப் பிடித்தது படா மஹால். குறுகலான படிகளில் மாடி மாடியாக ஏறி மூச்சு வாங்க மேலே போய் நின்றால் முன்னால் ஒரு தோட்டம், நடுவில் தொட்டி, சுற்றிலும் வயசான பெரிய மரங்கள். நாலாவது மாடியில் இவ்வளவு பெரிய மரம் எப்படி என்று நான் கைப்பிடிச் சுவரை எட்டிப் பார்த்தேன், கீழே முற்றம் கிடுகிடு ஆழத்தில் கிடக்கிறது. விஷயம் என்னவென்றால் அரண்மனை ஒரு குன்றைச் சுற்றிக் கட்டியது. அந்த உச்சி அப்படியே உள்ளே இருக்கிறது, மரத்தின் வேர் மண்ணில்தான் இருக்கிறது. இரண்டாவது முறை போனபோது அந்த மர நிழலில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு மிச்ச அறைகளைப் பார்க்காமலே இறங்கிவிட்டேன்.

ஜக்தீஷ் கோவில் அரண்மனை வாசலுக்குப் பக்கத்திலேயே, 1651இல் கட்டியது, செங்குத்தான படிகள், மேலே எதிரே பித்தளைக் கருடன். சாயங்கால பஜனை நேரத்தில் போங்கள்.

ஃபதே சாகர் கரைக்குக் கீழே சஹேலியோன் கி பாடி என்ற தோட்டம், ராஜகுடும்பத்துப் பெண்களுக்காக அமைத்தது. கை தட்டினால் நீரூற்று பீச்சும் என்று வழிகாட்டி சொல்வார். நாங்கள் குடும்பத்தோடு தட்டினோம், பீச்சியது, என் மகள் மட்டும் செடி மறைவில் ஒருவர் குழாயைத் திருகுவதைப் பார்த்துவிட்டாள். ஆனால் உண்மையான அதிசயம் அவர்கள் சொல்லாமல் விடுவது: அந்த நீரூற்றுகள் மோட்டார் இல்லாமல் ஓடும்படி அமைத்தவை. ஏரி மேட்டில், தோட்டம் பள்ளத்தில், அந்த அழுத்தமே தண்ணீரைத் தூக்குகிறது. தோட்டம் பார்த்துவிட்டு ஏரிக்கரைக்கு ஏறினால் தண்ணீருக்கு நடுவே வெள்ளையாக ஒரு கட்டடம் தெரியும், 1970களில் அமைத்த சூரிய ஆய்வகம். வெயிலில் தரை சூடேறினால் மேலே காற்று அலைபாய்ந்து தொலைநோக்கியில் பிம்பம் நடுங்கும், சுற்றிலும் தண்ணீர் இருந்தால் அந்த ஆட்டம் குறையும். அதற்காகத்தான் ஏரி நடுவே கட்டினார்கள்.

ஒரே நாளில் உதய்பூர், கோவில் ஊரான நாத்துவாரா, பழைய போர்க்களமான ஹல்திகாட்டி மூன்றையும் காட்டுகிறோம் என்று பேருந்து ஏற்றுவார்கள். ஒரு தடவை ஏறிவிட்டு, நாத்துவாராவில் ஸ்ரீநாத்ஜி சன்னதி நடை சாத்திய பிறகு போய்ச் சேர்ந்தோம். தனித்தனி நாள் வையுங்கள். சாப்பாட்டுக்குத் தால் பாட்டி. கோதுமை உருண்டையைச் சுட்டு உடைத்து நெய் ஊற்றிப் பருப்போடு தருவார்கள். இரண்டுக்கு மேல் கேட்காதீர்கள், மூன்றாவது சாப்பிட்டால் அன்றைக்குச் சுற்றுலா முடிந்தது.

போன முறை எனக்கு அதிர்ஷ்டம், ஸ்வரூப் சாகர் நிறைந்து மதகு திறந்த அன்றைக்கு ஊரில் இருந்தேன். குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு மோட்டார் பைக்குகளில் ஊரே வந்துவிட்டது. யாரோ ஒருவர் பூ போட்டுக் கும்பிட்டார். பக்கத்தில் சுட்ட மக்காச்சோளம் தின்றுகொண்டிருந்தவர் எந்த ஊர் என்று கேட்டார். சென்னை என்றேன். "அப்படியா, இந்தத் தண்ணீரும் உங்கள் கடலுக்குத்தான் போகிறது" என்றார். ஆயட் பேடச்சாகி, பனாஸில் கலந்து, சம்பல், யமுனை, கங்கை, கடைசியில் வங்காள விரிகுடா. விரலை மடக்கி மடக்கி எண்ணிச் சொன்னார். "வழியில் எத்தனை அணையோ" என்றேன். சிரித்துவிட்டு இன்னொரு கதிர் வாங்கப் போனார்.