தாய்க்கு ஒரு வார்டு, பிள்ளைக்கு ஒரு வார்டு

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் 37 வாரம் நிறைவதற்கு முன்பே பிறந்தன. பத்துப் பிள்ளைக்கு ஒரு பிள்ளை. ஐந்து வயதுக்குள் இறந்துபோகும் குழந்தைகளின் சாவுக்கு என்ன காரணம் என்று பார்த்தால் முதலிடத்தில் நிற்பது குறைப்பிரசவமும் அதன் சிக்கல்களும்தான். 2019-இல் மட்டும் சுமார் 9 லட்சம் உயிர்கள். இது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

கணக்கேட்டில் குறைப்பிரசவத்துக்கு ஒரு கட்டம், கிருமித்தொற்றுக்கு இன்னொரு கட்டம். பிரசவ அறையில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. தாயின் உடம்பில் தொற்று இருப்பதால் வலி முன்கூட்டியே வருகிறது. முன்கூட்டிப் பிறந்ததால் பிள்ளையைத் தொற்று சுலபமாகப் பிடிக்கிறது. பெற்றவளும் காய்ச்சலில் கிடக்கிறாள். இவற்றை ஒன்றாகப் பார்த்த இடங்களில் சாவு குறைந்தது. தனித்தனியாகப் பார்த்த இடங்களில் நல்ல மருந்தே கெடுதலாக முடிந்தது. இதற்கான ஆதாரங்களைத்தான் இன்று உங்கள் முன் வைக்கப் போகிறேன்.

முதலில், தொற்று எப்படிப் பிரசவத்தை முந்த வைக்கிறது? பெரும்பாலும் கிருமி கீழிருந்து மேலே ஏறுகிறது. பிறப்புறுப்பிலிருந்து கர்ப்பப்பை வாயைக் கடந்து, பிள்ளையைச் சுற்றியிருக்கும் நீர்க்குடத்தின் சவ்வை எட்டும்போது, அதை எதிர்க்கத் தாயின் உடம்பு அழற்சியைக் கிளப்புகிறது. அந்த அழற்சியில் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின்கள் என்ற வேதிப்பொருள்கள் கர்ப்பப்பை வாயை இளக்கி, தசையைச் சுருங்க வைக்கின்றன. சவ்வும் நைந்துபோகிறது. நீர் உடைகிறது, அல்லது வலி எடுக்கிறது. இவ்வளவும் நடக்கும்போது பல தாய்மாருக்குக் காய்ச்சலே இருக்காது. யூரியாபிளாஸ்மா போன்ற கிருமிகளுக்குச் செல்சுவர் கிடையாது. செல்சுவரைத் தாக்கும் பென்சிலின் அவற்றிடம் பலிக்காது.

அப்படியானால் வலி வந்த எல்லாருக்கும் வேறொரு ஆன்டிபயாடிக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். அதைப் பரிசோதித்தார்கள். ஆரக்கிள் என்ற பெரும் ஆய்வு, 2001-இல் முடிவு வந்தது. நீர்க்குடம் உடைந்து, வலி இன்னும் வராத தாய்மாருக்கு எரித்ரோமைசின் உதவியது. கோ-அமோக்ஸிகிளாவ் கொடுத்தபோதோ பிள்ளைகளுக்குக் குடல் அழுகல் நோய் கூடியது. அதனால் இன்றும் இந்த நிலைக்கு எரித்ரோமைசின் 250 மில்லிகிராம், ஒரு நாளைக்கு நான்கு வேளை, பத்து நாள். கோ-அமோக்ஸிகிளாவ் கூடாது.

அதே ஆய்வின் இன்னொரு பகுதி, நீர்க்குடம் உடையாமல் வலி மட்டும் வந்த தாய்மாரைப் பற்றியது. அவர்களுக்கு எந்த ஆன்டிபயாடிக்கும் பயன் தரவில்லை. அந்தப் பிள்ளைகளை ஏழு வயதில் மறுபடி பார்த்தார்கள். தாய் எரித்ரோமைசின் வாங்கிய குழந்தைகளில் 3.3 சதவீதத்தினருக்கு மூளை முடக்குவாதம், வாங்காதவர்களில் 1.7. 'எதற்கும் இருக்கட்டும்' என்று எழுதும் மருந்துச்சீட்டு, ஏழு வருடம் கழித்து ஒரு பிள்ளை நடக்கும் நடையில் தெரியக்கூடும். இங்கிருக்கும் மருத்துவ மாணவர்கள் இந்த இரண்டு எண்களையும் மறக்க வேண்டாம்.

நீர்க்குடம் உடைந்த தாயிடம் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. வருகிற ஒவ்வொருவரும் விரல் விட்டுப் பார்ப்பது. பணி நேரம் மாறும்போது ஒருவர், பெரிய மருத்துவர் வந்ததும் ஒருவர், பயிற்சிக்கு வந்த மாணவர் ஒருவர். ஒவ்வொரு முறையும் கீழே இருக்கும் கிருமி மேலே ஏறுகிறது. வலி இல்லாதபோது பிறப்புறுப்பை விரித்துக் காட்டும் ஸ்பெகுலம் கருவியைச் சுத்திகரித்து வைத்துப் பார்த்தால் போதும். காய்ச்சல், நாடித் துடிப்பு, நீரின் வாடை, வயிற்றைத் தொட்டால் வலி, பிள்ளையின் இதயத் துடிப்பு, இவற்றைத் தவறாமல் குறித்துவர வேண்டும். கர்ப்பப்பைக்குள் தொற்று என்று உறுதியானால் ஆம்பிசிலினும் ஜென்டாமைசினும் தொடங்கி, எத்தனை வாரமானாலும் பிரசவத்துக்கு வழி செய்ய வேண்டும். அந்த நிலையில் பிள்ளையை உள்ளே வைத்திருப்பது இருவருக்கும் ஆபத்து.

அடுத்து ஸ்டீராய்டு ஊசி. நியூசிலாந்தில் மருத்துவர் கிரஹாம் லிக்கின்ஸ் செம்மறி ஆடுகளை ஆராயும்போது, பிழைக்க வாய்ப்பே இல்லாத வாரத்தில் பிறந்த குட்டி ஒன்று மூச்சுவிட்டுக் கிடந்ததைக் கண்டார். தாய்க்கு ஸ்டீராய்டு கொடுத்தால் குட்டியின் நுரையீரல் சீக்கிரம் முதிர்கிறது என்று அதிலிருந்து பிடித்துக்கொண்டு, ராஸ் ஹவீயோடு சேர்ந்து ஆக்லாந்தில் தாய்மாரிடம் பரிசோதித்து 1972-இல் வெளியிட்டார். இன்றைய அளவு: டெக்சாமெத்தசோன் 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒரு முறை, நான்கு ஊசி. விலை அதிகமில்லை. இவ்வளவு எளிய ஊசியை ஏழை நாடுகளின் கிராமங்கள் வரை கொண்டுபோனால் எத்தனை பிள்ளைகள் பிழைக்கும் என்று எல்லாரும் நம்பினார்கள்.

2015-இல் ஒரு முடிவு வந்தது. அர்ஜென்டினா, குவாத்தமாலா, இந்தியா, கென்யா, பாகிஸ்தான், சாம்பியா ஆகிய ஆறு நாடுகளில், ஏறத்தாழ ஒரு லட்சம் பிறப்புகளைக் கொண்ட ஆய்வு. ஸ்டீராய்டைப் பரவலாகக் கொடுத்த பகுதிகளில் பச்சிளங்குழந்தைச் சாவு குறையவில்லை. ஆயிரத்துக்கு 23.9 என்று மற்ற பகுதிகளில் இருந்தது, இங்கே 27.4. தாய்க்குத் தொற்று என்ற சந்தேகமும் கூடியிருந்தது.

ஏன்? வயிற்றின் உயரத்தை நாடாவால் அளந்தும், மாதவிலக்குத் தேதியைக் கேட்டும் வாரத்தை மதிப்பிட்டார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களில் பெரும்பாலோர் பிறகு மாதம் நிறைந்தே பெற்றார்கள். அவர்களின் பிள்ளைகளுக்கு அந்த ஊசி தேவையே இல்லை. ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து. தொற்று மறைந்திருந்த தாய்க்கு அது என்ன செய்திருக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள். பிறந்த குறைமாதப் பிள்ளையைக் கவனிக்கும் வசதியும் பல இடங்களில் இல்லை.

ஐந்து ஆண்டு கழித்து, 2020-இல் வேறொரு ஆய்வு வந்தது. இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா, 29 மருத்துவமனைகள், 2,852 தாய்மார். இம்முறை ஸ்கேன் பார்த்து வாரத்தை உறுதிசெய்தார்கள். 26 வாரத்துக்கும் 34 வாரத்துக்கும் இடைப்பட்டவர்கள் மட்டும். தொற்றுள்ளவர்களை விலக்கினார்கள். பிறந்த பிள்ளையைக் கவனிக்க ஏற்பாடு இருந்தது. ஊசி போட்டவர்களின் பிள்ளைகளில் 19.6 சதவீதம் இறந்தன, போடாதவர்களில் 23.5. இருபத்தைந்து தாய்மாருக்குப் போட்டால் ஒரு பிள்ளை பிழைக்கிறது. தாய்க்குத் தொற்றும் கூடவில்லை. அதே மருந்து, அதே அளவு. ஸ்டீராய்டு கொடுக்க உலக சுகாதார நிறுவனம் வைக்கும் நிபந்தனைகளும் இவைதான்: வாரம் சரியாகத் தெரிய வேண்டும், தாய்க்குத் தொற்று இருக்கக் கூடாது, பிரசவத்தையும் குறைமாதப் பிள்ளையையும் கவனிக்கும் இடமாக இருக்க வேண்டும்.

ஆகவே 24 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன் கட்டாயம். நம் வீடுகளில் 'ஏழாம் மாசப் பிள்ளை பிழைச்சாலும் எட்டாம் மாசப் பிள்ளை தங்காது' என்பார்கள். முழுத் தவறு. உள்ளே இருக்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்குப் பலம் சேர்க்கிறது. மாதக் கணக்கை விட்டு வாரக் கணக்குக்கு வாருங்கள்.

முன்கூட்டியே தடுக்கக்கூடிய தொற்றுகளும் இருக்கின்றன, சுருக்கமாகச் சொல்கிறேன். சிபிலிஸ் என்ற பால்வினை நோய் ஆரம்ப நிலையில் இருந்தால் பென்சாத்தின் பென்சிலின் 24 லட்சம் யூனிட், ஒரே ஊசி, பிரசவத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னதாக. மலேரியா மிகுந்த ஆப்பிரிக்கப் பகுதிகளில் சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமின் மூன்று மாத்திரை ஒரு வேளையாக, 13-ஆவது வாரத்திலிருந்து மாதம் ஒரு முறை, குறைந்தது மூன்று முறை. சிறுநீர்த் தொற்றை முதல் பரிசோதனையிலேயே கண்டுபிடித்துத் தீர்க்க வேண்டும்.

இனி பிறந்த பிள்ளையின் பக்கம். தாயின் எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போவது பெரும்பாலும் கடைசி வாரங்களில்தான். 30 வாரத்தில் பிறந்த பிள்ளை அந்தச் சீதனம் வந்து சேரும் முன்பே வெளியே வந்துவிடுகிறது. தோல் மெல்லியது. சுமார் 34 வாரம் வரை உறிஞ்சி, விழுங்கி, மூச்சுவிடுவது மூன்றும் ஒருங்கே கூடுவதில்லை, ஆகவே குழாய் வழியே பால். குழாய், நரம்பு ஊசி, தொடும் கை ஒவ்வொன்றும் கிருமிக்கு ஒரு வாசல்.

டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் நடத்தி 2016-இல் வெளியான ஆய்வு கண்டது இது. பச்சிளங்குழந்தைகளின் ரத்தத் தொற்றில் முன்னணியில் இருந்தவை அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா, ஈ கோலை. அசினெட்டோபாக்டரில் பத்துக்கு எட்டு பல மருந்துகளுக்கு அடங்காதவை. மூன்றில் இரண்டு பங்குத் தொற்று முதல் 72 மணி நேரத்திலேயே வந்திருந்தது. பாடப்புத்தகம் முதல் மூன்று நாள் தொற்றைத் தாயிடமிருந்து வந்தது என்கிறது. இங்கே பிடிபட்டவை மருத்துவமனைகளில் குடியிருக்கும் கிருமிகள். எனவே சந்தேகத்தைப் பிரசவ அறையிலிருந்தே தொடங்க வேண்டும். உறிஞ்சும் குழாயை எதில் கழுவினோம்? ஆக்சிஜன் ஈரப்பதப் புட்டியில் நேற்றைய தண்ணீரா? பல பிள்ளைகளுக்கு ஒரே மருந்துக் குப்பியா? வளையல், மோதிரம், கைக்கடிகாரம் கழற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினோமா?

இந்த இடத்தில்தான் தாயைச் சேர்க்க வேண்டும். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் மருத்துவர் எட்கர் ரே, பிள்ளையைச் சூடாக வைக்கும் இங்குபேட்டர் பெட்டிகள் பற்றாமல், ஒரே பெட்டியில் இரண்டு மூன்று பிள்ளைகளைப் போட்டுத் தொற்று பரவிய நிலையில், பிள்ளையைத் தாயின் நெஞ்சில் கட்டச் சொன்னார். கங்காரு தாய்ப் பராமரிப்பு அப்படிப் பிறந்தது. நீண்ட காலம் அதைப் பிள்ளை நிலைப்பட்ட பிறகு செய்வதாகவே வைத்திருந்தோம். 2021-இல் கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய நாடுகளின் ஆய்வு அதைப் புரட்டியது. 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட 3,211 பிள்ளைகள். ஒரு பிரிவில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்க்குக் கட்டில் போட்டு, பிறந்த உடனே நெஞ்சோடு சேர்த்தார்கள். நாளுக்குச் சுமார் 17 மணி நேரம். 28 நாளுக்குள் சாவு 15.7 சதவீதத்திலிருந்து 12 ஆனது. ரத்தத் தொற்றுச் சந்தேகமும் 27.8-லிருந்து 22.9 ஆகக் குறைந்தது. பிள்ளையின் தோலில் முதலில் குடியேறுவது தாயின் கிருமிகள், வார்டின் கிருமிகள் அல்ல. தொடும் கைகள் குறைகின்றன. தாய்ப்பால் சீக்கிரம் கிடைக்கிறது. சாவு குறைந்ததற்கு இவையே காரணம் என்பது என் கணிப்பு.

செய்முறையில் பிழை வருவதால் சொல்கிறேன். பிள்ளைக்குத் தொப்பி, காலுறை, நாப்கின் மட்டும். இரு மார்புக்கும் நடுவே நிமிர்த்தி, கைகால்களைத் தவளைபோல் மடக்கி வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி லேசாக நிமிர்த்த வேண்டும். கழுத்து முன்னால் மடங்கினால் மூச்சுக்குழல் அடைபடும். துணியின் மேல் விளிம்பு பிள்ளையின் காதுக்குக் கீழே வர வேண்டும். இறுக்கம் நெஞ்சின் மேல் இருக்கட்டும், வயிற்றில் வேண்டாம். நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம். தாய்க்கு முடியாதபோது தகப்பன் செய்யலாம், பாட்டி செய்யலாம்.

தாயைப் பற்றியும் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. இயல்பாகப் பிரசவிக்க இருந்த 29,278 தாய்மாருக்கு, இந்தியா உட்பட ஏழு நாடுகளில், வலியின்போது அசித்ரோமைசின் 2 கிராம் ஒரே வேளை வாய்வழி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023-இல் வந்தது. தாய்க்குக் கடும் தொற்றோ சாவோ நேர்ந்தது 2.4 சதவீதத்திலிருந்து 1.6 ஆனது. பிள்ளைகளிடம் மாற்றமில்லை. தாய்க்குக் கொடுத்தது பிள்ளையையும் காக்கும் என்று நாமாக எண்ணிக்கொள்ளக் கூடாது. கிருமிகளுக்கு மருந்து அடங்காமல் போகும் கவலையும் இதில் உண்டு. பிரசவ அறைக்கு வெளியே இந்த மாத்திரை கசியாமல் பார்ப்பது நம் பொறுப்பு.

கடைசியாக, வெளிப்படையாக ஒரு கோரிக்கை. பிள்ளை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும். தாய்க்கு டிஸ்சார்ஜ் எழுதிவிடுவார்கள். அவள் வராந்தாவில் பாய் விரித்து, மூன்று மணிக்கொரு தரம் பால் பீய்ச்சிக் கொண்டுபோய்க் கொடுப்பாள். அவளுக்குக் காய்ச்சல் அடித்தால் யாருக்குத் தெரியும்? அவள் பெயரில் இப்போது சிகிச்சை நோட்டு இல்லையே. பிரசவத்துக்குப் பின் 42 நாள் வரை தொற்று வரலாம். 38 டிகிரி காய்ச்சல், நாற்றமடிக்கும் உதிரப்போக்கு, அடிவயிற்று வலி, தையலில் சீழ், வேகமான நாடி. இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே பார்க்க வேண்டும். பிள்ளையின் நோட்டிலேயே, பால் அளவு எழுதும் கட்டத்துக்கு அடுத்து, தாயின் உடல்சூடு, நாடி என்று இரண்டு கட்டம் போடுங்கள். பால் கொண்டுவரும் தாயிடம் காலையும் மாலையும் செவிலியர் தெர்மாமீட்டரை நீட்டினால் போதும். இதற்குப் புதிய இயந்திரமோ அரசாணையோ வேண்டியதில்லை. நாளைக் காலையிலேயே தொடங்கலாம்.