சொத்தைக் கடலை போகும் வழி

நேயர்களுக்கு வணக்கம். மாட்டுத் தீவனத்தில் பூசணம் பிடித்தால் என்ன ஆகும் என்று பேசச் சொல்லி நிலையத்தார் அழைத்திருக்கிறார்கள். பூசணம் என்றதும் மக்காச்சோளத்தில் பச்சையாகப் படர்வதும், வைக்கோல் போரின் அடியில் வெள்ளையாகப் பூப்பதும்தான் உங்கள் நினைவுக்கு வரும். அதைத் தட்டி உதறிவிடலாம். ஆனால் பூசணம் உதிர்ந்துபோன பிறகும் அது கக்கிய நஞ்சு தீவனத்திலேயே தங்கிவிடும். அந்த நஞ்சுகளில் நம் ஊர் மாட்டுக்கும் கோழிக்கும் அதிகம் தொல்லை தருவது அஃப்ளாடாக்சின்.

இது தெரியவந்த கதையே விசித்திரமானது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் சில மாதங்களில் செத்து விழுந்தன. கிருமி எதுவும் அகப்படாததால் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று பெயர் வைத்தார்கள். தேடிக்கொண்டே போனால், பிரேசிலில் இருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் போய் நின்றது. அதில் வளர்ந்திருந்த ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சைதான் குற்றவாளி.

ஏன் புண்ணாக்கு? நம் ஊர்க் கடலை உடைப்பு ஆலைக்குள் போய்ப் பாருங்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பருப்பைப் பொறுக்குவார்கள். திரண்ட பருப்பு ஒரு பக்கம். சுருங்கியது, நிறம் மாறியது, புழு துளைத்தது இன்னொரு பக்கம். நல்லது மிட்டாய்க்கும் ஏற்றுமதிக்கும் போகும். கழித்ததைக் குப்பையிலா கொட்டுவார்கள்? பெரும்பாலும் செக்குக்குத்தான் போகும். ஒரு மூட்டைக் கடலையில் உள்ள நஞ்சில் பெரும்பங்கு இந்தச் சில சொத்தைப் பருப்புகளில்தான் இருக்கும். அதை ஆட்டினால் எண்ணெயோடு கொஞ்சம்தான் போகும், மிச்சமெல்லாம் சக்கையில், அதாவது புண்ணாக்கில் தங்கிவிடும். மனிதருக்கு ஆகாது என்று கழித்ததை ஒன்று திரட்டி மாட்டுக்கு வைக்கிறோம் என்றுதான் இதற்கு அர்த்தம்.

இந்தியத் தர நிர்ணயப்படி கலப்புத் தீவனத்தில் இந்த நஞ்சின் ஒரு வகையான அஃப்ளாடாக்சின் பி1 கிலோவுக்கு 20 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அதாவது ஒரு டன் தீவனத்துக்கு 20 மில்லிகிராம், ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு. மாடு தின்னும் பி1-இல் ஒரு பகுதியை அதன் ஈரல் எம்1 என்று மாற்றிப் பாலில் விட்டுவிடுகிறது. சாதாரணமாக நூற்றில் ஒன்று இரண்டு பங்கு, நிறையக் கறக்கும் மாட்டில் ஆறு பங்குவரைகூடப் போகும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் நஞ்சுள்ள புண்ணாக்கு, நாளுக்கு இரண்டு கிலோ. மாட்டுக்குள் போவது 400. இரண்டு சதவீதம் பாலுக்கு வந்தால் 8. மாடு பத்து லிட்டர் கறந்தால் லிட்டருக்கு 0.8. பாலில் நம் நாட்டு வரம்பு 0.5. அவ்வளவுதான், பால் கெட்டது. காய்ச்சினாலும் இது போகாது, தயிராக்கினாலும் போகாது.

நாடு முழுவதும் பால் மாதிரிகளைச் சோதித்த உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அறிக்கை 2019-இல் வெளியானது. 6,432 மாதிரிகளில் 368-இல் எம்1 வரம்பைத் தாண்டியிருந்தது. தமிழ்நாட்டில் மட்டும் 551-க்கு 88. யாரும் பாலில் எதையும் கலக்கவில்லை, தீவனத்தொட்டி வழியாக வந்தது. தண்ணீர் கலந்த பாலுக்குக் கத்துகிற அளவுக்கு இதற்கு நாம் கத்துவதில்லை என்பது என் ஆதங்கம்.

சரி, மாட்டுக்கு என்ன ஆகும்? திடீரென்று விழுந்து சாவது அபூர்வம். தீனி குறையும், பால் அரை லிட்டர் ஒரு லிட்டராக இறங்கும், ஈரல் கெடும். எதிர்ப்புச் சக்தி போய்விடுவதால் மடிநோய் திரும்பத் திரும்ப வரும். கன்றுக்குட்டி பெரிய மாட்டைவிடச் சீக்கிரம் பாதிக்கப்படும். வாத்து எல்லாவற்றையும்விட மென்மையானது. கோழிப் பண்ணைகளில் தடுப்பூசி முறையாகப் போட்டும் வெள்ளைக்கழிச்சல் வந்தால், ஊசி மருந்தைத் திட்டுவதற்கு முன்னால் தீவனத்தில் போடும் மக்காச்சோளத்தைப் பார்க்கச் சொல்வேன். வேறு பூஞ்சைகளின் கைவரிசை வேறு மாதிரி. பஞ்சாப் பக்கம் பூசணம் பிடித்த நெல் வைக்கோலைத் தின்ற எருமைகளுக்கு வால் நுனியும் காது மடலும் கறுத்துக் காய்ந்து, குளம்பே கழன்றுவிடும். டெக்நாலா நோய் என்பார்கள்.

"சார், வெயில்ல நல்லாக் காயப்போட்டுத்தான் வச்சேன்" என்று ஒரு அம்மா சொன்னார். காயவைத்தது நல்ல காரியம், இனிமேல் பூசணம் வளராது. ஏற்கெனவே ஊறிவிட்ட நஞ்சை வெயில் முழுசாக எடுக்காது. வேகவைத்தாலும் அப்படித்தான். அதனால் வாங்கும்போதே கவனம் வேண்டும். புண்ணாக்கை உடைத்து உள்பக்கம் பாருங்கள், முகர்ந்து பாருங்கள். கட்டி தட்டியிருந்தால், மக்கிய வாடை அடித்தால் விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம். மக்காச்சோளத்தை ஈரம் 12 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை காயவிட்டு மூட்டை கட்டுங்கள். சூட்டோடு பிளாஸ்டிக் சாக்கில் கட்டினால் உள்ளே வியர்த்துவிடும். மூட்டைகளைச் சிமெண்ட் தரையில் போடாமல் மரச்சட்டத்தின் மேல், சுவரை விட்டு ஓரடி தள்ளி அடுக்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மாதக்கணக்குக்கு வாங்கி அடைக்காதீர்கள். அப்புறம், ஊறவைக்கும் தொட்டி. ஓரத்தில் ஒட்டிய பழைய பிண்டத்தைத் தினமும் தேய்த்துக் கழுவுங்கள்.

டாக்சின் பைண்டர் என்று கடையில் விற்கிறார்களே, அதைப் போடலாமா? பென்டோனைட் களிமண் வகை அஃப்ளாடாக்சினைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும், உண்மைதான். மற்ற பூஞ்சை நஞ்சுகளை அந்த அளவுக்குப் பிடிக்காது. அதை நம்பிக் கெட்ட தீவனத்தை வாங்குவது வீண். இந்த நஞ்சுக்கென்று முறிமருந்தும் கிடையாது. கெட்ட தீவனத்தை நிறுத்தினால் நாலைந்து நாளில் பாலில் எம்1 பெரும்பாலும் மறைந்துவிடும். ஈரல் தேற நாளாகும்.

சந்தேகம் இருந்தால் சோதித்துவிடுங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது. மேலாக ஒரு கைப்பிடி அள்ளி அனுப்பாதீர்கள். நஞ்சு மூட்டை முழுக்கச் சமமாகப் பரவியிருக்காது, அங்கங்கே திட்டுத்திட்டாக இருக்கும். பல மூட்டைகளில் மேல், நடு, அடி என்று எடுத்துப் பொடித்து ஒன்றாகக் கலக்கி, அதிலிருந்து அரைக் கிலோவைக் காய்ந்த காகிதப் பையில் போட்டு, வாங்கிய தேதியை எழுதிக் கொடுங்கள். முடிவு வரும்வரை அந்த மூட்டைகளைத் தனியே வைத்துவிட்டு வேறு தீவனம் போடுங்கள். நன்றி, வணக்கம்.